காதில் வைத்த பஞ்சு

நவி மும்பை ஐரோலியில் இரும்பை உடைத்துப் பார்க்கும் சோதனைக்கூடம் ஒன்றில்தான் அந்த அம்மாளைச் சந்தித்தேன். ஒல்லியான உருவம், நரைத்த பின்னல், மேலங்கிப் பையில் எப்போதும் கொஞ்சம் பஞ்சு.

தாராவியில் என் பட்டறையில் பாரம் தூக்கும் சங்கிலியில் சுமை மாட்டும் தகடு லேசாகக் கிழிந்ததால், மூன்று மடங்கு தடிமனில் புதிது செய்து மாட்டியிருந்தேன். ஒரு காலையில் அது படாரென்று முறிந்தது. கீழே நின்றவர் பிழைத்தது அல்லாஹ் காத்ததுதான். இரும்பு வியாபாரி ஏமாற்றிவிட்டான் என்று முறிந்த துண்டோடு அந்தக் கூடத்துக்குப் போனேன்.

அந்த அம்மாள் அதிலிருந்தே மெல்லியதாக ஒன்றும் முழுத் தடிமனில் ஒன்றும் வெட்டி, இரண்டிலும் ஒரே மாதிரி கீறல் போட்டிருந்தார். மெல்லியது இயந்திரத்தில் நெளிந்து, இழுபட்டு, சத்தமில்லாமல் கிழிந்தது. அடுத்ததை மாட்டியதும் அவர் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டார். எதற்கென்று கேட்க வாயெடுத்தேன். வெடி வெடித்ததுபோல் தகடு இரண்டானது.

"இரும்பு நல்ல இரும்புதான் பாய்," என்றார். "தடியா இருந்தா, கீறல் நுனிய நெளிய விடாம சுத்தியிருக்கிற இரும்பே புடிச்சு வச்சுக்கிடும். நெளிய முடியலன்னா ஒடையத்தான் செய்யும்."

"மோட்டாவா, தடியா போட்டா மஜ்பூத்தா ஒடையாம இருக்கும்னு நெனச்சேன் மேடம்."

"கீறல் இல்லாத வரைக்கும் சரி. உங்க தகட்டுல ஓட்டை ஓரத்துல கீறல் இருந்திருக்கு. வேற யாருக்கும் இதே மாதிரி செஞ்சு குடுத்திருக்கீங்களா?"

அக்கம்பக்கத்துப் பட்டறைகளுக்கெல்லாம் கொடுத்திருந்தேன். அவர்களைக் கூப்பிட்டுச் சொல்ல அவர் தன் போனை என்னிடம் நீட்டினார்.

எல்லாவற்றையும் கழற்றியாகிவிட்டது. ஆனாலும் தடித்த தகட்டைப் பார்த்தால் என் கை இன்றும் காதுக்குப் போகிறது.