சுண்டுவுக்குப் பசி

முத்தியால்பேட்டை பால்வாடியில் தனக்கொடி டீச்சர் எலிக்கதை தொடங்கினால், அழுகிற பிள்ளையும் வாயை மூடிக்கொள்ளும். கதையில் வரும் எலிக்குச் சுண்டு என்று பெயர். கீச்சுக்குரலில் பேசும், எந்நேரமும் பசி அதற்கு. வேலை பார்த்த மில் மூடியபின் வீட்டு வேலைக்குப் போன அம்மா திரும்பும்வரை, தம்பிகளின் பசியை மறக்கடிக்கச் சின்ன வயதில் தனக்கொடி கட்டிய கதை அது.

நிஜ எலிகளிடம் அவளுக்கு அந்தப் பாசம் கிடையாது. பண்ட அறையில் பிள்ளைகள் தின்கிற சத்துமாவு மூட்டையைக் குதறிப் புழுக்கை போட்டிருந்தன. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எலிமருந்துக் கேக்குகளை வைத்துப் பூட்டினாள். திங்கட்கிழமை வந்ததும் பொறுக்கி எறிந்தாள். மூட்டைச் சந்தில் ஒன்று தங்கிவிட்டதைக் கவனிக்கவில்லை.

அன்று கதை பாதியில் இருந்தபோது கவிநிலாவின் இடம் காலியாக இருந்தது. அரிசி எடுக்கப் போன சமையல் ஆயா அன்னக்கிளி அறைக் கதவைச் சாத்தாமல் வந்திருந்தாள். தனக்கொடி ஓடினாள். உள்ளே நாலு வயசுப் பிள்ளை குனிந்து நின்றது. கையில் நீலக் கேக்கு. ஒரு முனையைக் காணோம்.

"சுண்டுவுக்கு ஊட்டுறேன் டீச்சர்."

"நீ தின்னியா கண்ணு?"

தலையாட்டினாள்.

"தின்னலயா?"

அதற்கும் ஆட்டினாள்.

தனக்கொடி அவள் வாயைத் துழாவிக் கழுவினாள். "அன்னக்கிளி, புள்ளைங்கள பாத்துக்க!" என்று கத்திவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மருந்து அட்டையோடு ஆட்டோவில் ஏறினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அட்டையைப் படித்தார். "இது உடனே ஒண்ணும் காட்டாதும்மா. ரத்தம் உறையாம பண்ணிடும். ரெண்டு நாள் கழிச்சு டெஸ்ட் பாத்தாதான் நிச்சயமா சொல்ல முடியும்."

துணிக்கடை வேலையிலிருந்து ஓடிவந்தாள் கவிநிலாவின் அம்மா சரிதா. "கதைய சொல்லி ஆசைய காட்டிட்டு, விஷத்தையும் வெச்சிருக்கீங்களே டீச்சர்!"

பிள்ளையை வார்டில் சேர்த்தார்கள். தனக்கொடி வீட்டுக்குப் போகவில்லை. பிள்ளை சிரிக்கும்போதெல்லாம் ஈறில் ரத்தம் கசிகிறதா என்று பார்த்தாள். "சுண்டு மாதிரி பேசு டீச்சர்" என்று கவிநிலா கேட்டபோது, "வாயைத் தொற கண்ணு" என்றாள்.

புதன்கிழமை ரிப்போர்ட் வந்தது. ரத்தத்தில் கோளாறு எதுவும் இல்லை. சரிதா பிள்ளையின் கழுத்தில் முகம் புதைத்து அழுதாள். பிறகு டீச்சரைப் பார்க்காமலே சொன்னாள்: "போய் சாப்பிடுங்க."

மறுவாரம் முழுக்கக் கவிநிலா வரவில்லை. ஆபீஸிலிருந்து மெமோ வந்தது. மருந்தை விட்டுக் கம்பிப் பொறிக்கு மாறினாள் தனக்கொடி.

அதற்கடுத்த திங்கட்கிழமை சரிதா பிள்ளையோடு வந்தாள். நேரே பண்ட அறைக்குள் போய், போன் வெளிச்சத்தில் ஒவ்வொரு மூட்டைக்குப் பின்னாலும் பார்த்தாள். வெளியே வந்து கதவைத் தானே தாழ்ப்பாள் போட்டாள். அப்புறம்தான் பிள்ளையின் கையை விட்டாள்.