ஒரு பிள்ளையார், இரண்டு வேண்டுதல்

போன வெள்ளிக்கிழமை பழவங்காடிப் பிள்ளையார் கோயிலில் நல்ல கூட்டம். எனக்கு முன்னால் ஓர் இளம் ஜோடி. பையனின் சட்டைப் பையிலிருந்து பாஸ்போர்ட் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் கண்ணை மூடினான், திறந்தான்… வேலை முடிந்தது. அந்தப் பெண் மட்டும் மூடிய கண்ணைத் திறக்கவேயில்லை. பின்னால் நின்றவர்கள் தொண்டையைக் கனைக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"அப்படி என்ன இவ்வளவு நேரம் வேண்டிண்டே?" என்று கேட்டான் அவன்.

"சும்மா" என்றாள்.

என் காது விடைத்துக்கொண்டது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அதே இடத்தில் நின்று அதே 'சும்மா'வைச் சொன்னவள் நான்!

என் அசட்டுத்தனங்களை வாராவாரம் இங்கே கொட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். தோசைமாவில் சோடா உப்புக்குப் பதிலாகத் துணி சோடாவைப் போட்டதுகூட உங்களுக்குத் தெரியும். ஆனால் இந்த விஷயத்தை மட்டும் வெளியே விடவில்லை. இப்போது என் வீட்டுக்காரரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். சொல்கிறேன்.

அப்போது எங்கள் பெண் அம்முவுக்கு ஆறு வயசு. பையனுக்கு இரண்டு. ஒருநாள் சாயங்காலம் இவர் ஆபீசிலிருந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

"லலிதா, மஸ்கட்! வேலை கிடைச்சாச்சு. குடும்பத்தோட போறோம்!"

கவனித்தீர்களா? 'போகலாமா' இல்லை. 'நீ என்ன சொல்றே' இல்லை. போறோம்! சரி, நானாவது ஏதாவது சொன்னேனா? "அப்படியா? ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு ரசத்தைப் பார்க்கப் போய்விட்டேன். ரசத்துக்கு என்ன கேடு? அது பாட்டுக்குக் கொதித்துக்கொண்டிருந்தது.

எனக்குப் போக இஷ்டமில்லை. துளிக்கூட இல்லை.

பாலைவனத்தைக் கண்டு பயமா? இல்லை. என் வேலைதான் காரணம். பி.எஸ்.சி. பரீட்சை எழுதி, ரேங்க் லிஸ்டில் நாலு வருஷம் காத்திருந்து, கல்யாணத்துக்குப் பிறகு கிடைத்த அரசாங்க வேலை அது. எனக்கென்று ஒரு மேசை. மேசைக்கு ஒரு டிராயர். டிராயருக்கு ஒரு சாவி. வீட்டில் இத்தனை அலமாரி இருக்கிறது, என்னைத் தவிர வேறு யாரும் திறக்க முடியாதது ஏதாவது உண்டா? அந்த டிராயர்தான் உண்டு. மஸ்கட்டில் எனக்கு வரப்போவதோ குடும்ப விசா. அதில் வேலை பார்க்க அனுமதி கிடையாது என்று இவரே சொல்லியிருந்தார்.

ஆனால் திருவனந்தபுரத்தில் இருந்துகொண்டு, கல்ஃப் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? ஜுரமா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். ஆபீசில் பக்கத்து சீட் ராஜம்மா சேச்சி, "பாக்யவதி ஆணு கேட்டோ!" என்று, கொடுத்துவைத்தவள் என்கிற அர்த்தத்தில், என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். சம்பளமில்லா நீண்ட லீவுக்கான ஃபாரத்தை நான் கேட்பதற்கு முன்பே கொண்டுவந்து மேசையில் வைத்தாள். எங்கள் ஊரில் அந்த ஃபாரம் நிரப்பாத அரசாங்க ஆபீஸ் உண்டா என்ன? நானும் பல்லைக் காட்டினேன். ஃபாரம் டிராயருக்குள் போயிற்று. சாவி ஹேண்ட்பேக்குக்குள் போயிற்று.

அந்த வாரமே கோயிலுக்குப் போனோம். இவர் எனக்கும் கேட்கிற மாதிரி வாய்விட்டே வேண்டிக்கொண்டார். "கணபதி பகவானே, மஸ்கட் விசா வந்துடணும். ஐம்பத்தொரு தேங்காய் உடைக்கறேன்."

பக்கத்தில் நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். 'பிள்ளையாரே, எனக்கும் குழந்தைகளுக்கும் விசா வரக்கூடாது. வராமல் இருந்தால் நூற்றியொரு தேங்காய்.'

ஆமாம், ஏலம்தான் விட்டேன். புருஷனைவிட ஐம்பது தேங்காய் கூட்டி! வெளியே வந்ததும் இவர், "என்ன வேண்டிண்டே?" என்று கேட்டார். நான் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று உங்களுக்குத்தான் தெரியுமே.

பிறகு நாள் தவறாமல் தபால்காரரை எதிர்பார்த்தோம். ஒரே வாசலில் இரண்டு பேரும் நிற்போம். அவருக்கு வரவேண்டும், எனக்கு வரக்கூடாது. வெறுங்கையோடு அவர் உள்ளே திரும்பும்போது, "பரவாயில்லைன்னா, நாளைக்கு வரும்" என்று சமாதானம் வேறு சொல்வேன். உள்ளுக்குள் எனக்கு மனசு லேசாக இருக்கும். கல்நெஞ்சுக்காரிதான், ஒப்புக்கொள்கிறேன்.

அம்மு பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் பிளேனில் போகப் போவதாகச் சொல்லிவிட்டாள். டீச்சர் நல்ல மனசுக்காரி. விசா வந்ததா என்றெல்லாம் விசாரிக்காமல், வகுப்பில் ஒரு பிரிவு உபசாரமே நடத்திவிட்டாள்! பிள்ளைகள் பாட்டுப் பாடியிருக்கிறார்கள். ஆளுக்கொன்றாகப் பென்சில், ஸ்டிக்கர், வாசனை ரப்பர் கொடுத்திருக்கிறார்கள்.

அதற்கடுத்த வாரம் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. இவருக்கு விசா தயார். இருபது நாளில் வந்து சேர வேண்டும். குடும்பத்துக்கு இப்போது விசா ஏற்பாடு செய்ய இயலாது, பிறகு பார்க்கலாம்.

யோசித்துப் பாருங்கள். அவர் கேட்டது அவருக்கு. நான் கேட்டது எனக்கு. பிள்ளையார் இரண்டு பேர் மனசும் கோணாமல் தீர்த்து வைத்துவிட்டார்!

நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டாமா? குதிக்கவில்லை. இவர் கடிதத்தை மடித்து மடித்துத் தீப்பெட்டி அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார். "நீங்கள்லாம் இல்லாம நான் அங்கே என்ன பண்ணுவேன்?" என்றார். நான் வேண்டிக்கொண்டபோது, இவர் மட்டும் தனியாகப் போவார் என்று நினைக்கவேயில்லை. வேண்டுதலில் அப்படி ஒரு ஓட்டை இருப்பது என் புத்திக்கு எட்டவில்லை.

மறுநாள் காலையில் அம்மு யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தாள். கையில் அந்த வாசனை ரப்பர்.

"அம்மா, நம்ம போகலைன்னா இதைத் திருப்பிக் குடுத்துடணுமா? நிஷா தினமும் கேக்கறா. போயில்லே, போயில்லே, இன்னும் போகலையான்னு."

எனக்கு வெட்கமாகிவிட்டது. சமையலறையில் போய் நன்றாக அழுதேன். இந்தத் தடவையும் ரசம் கொதித்துக்கொண்டுதான் இருந்தது.

அழுதாலும் பிள்ளையாருக்குச் சொன்ன வாக்கு வாக்குதானே? நடந்த காரியத்துக்குத் தேங்காய் உடைக்காமல் விட முடியுமா? இவர் பிளேன் ஏறுவதற்குள் ரகசியமாக முடித்துவிட வேண்டும். ஒரு திங்கட்கிழமை காலை, ஆபீசில் ஒரு மணி நேரம் பர்மிஷன் சொல்லிவிட்டுப் பழவங்காடிக்குப் போனேன். கோயில் பக்கத்தில் எங்களுக்கு வழக்கமான தேங்காய்க் கடை. கடைக்காரர் செல்லப்பன் அண்ணாச்சி நாகர்கோவில் பக்கம்.

"நூத்தியொண்ணு வேணும், அண்ணாச்சி" என்றேன் மெதுவாக.

"அதுக்கென்னம்மா, தாரேன்" என்றார் அவர் உரக்க. "சாரும் இப்பந்தான் ஐம்பத்தொண்ணு எடுத்துட்டு வாறாரு. ரெண்டையும் சேத்து ஒரே சாக்குல போட்டிரட்டா?"

திரும்பினால்… கூடையும் கையுமாக இவர்!

"நீ ஆபீஸ் போகலையா?"

"பர்மிஷன்."

"உனக்கு எதுக்கு நூத்தியொண்ணு?"

'சும்மா' என்று சொல்ல வாயெடுத்தேன். நூற்றியொரு தேங்காயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 'சும்மா' என்றால் யார் நம்புவார்கள்? சொல்லிவிட்டேன். அத்தனையும். மேசை, டிராயர், சாவி, வேண்டுதல்… நடுரோட்டில், பூக்கடைக்கும் தேங்காய்க் கடைக்கும் நடுவில்.

இவர் கோபிப்பார் என்று நினைத்தேன். கூடையைக் கீழே வைத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டார்.

"எங்க செக்ஷனை மூடப் போறா, லலிதா. ஆறு மாசமாத் தெரியும். வேற வழி தெரியாமதான் மஸ்கட்டுக்கு எழுதிப் போட்டேன்."

"ஏன்னா, எங்கிட்டே சொல்லப்படாதா?"

"நீ பயந்துடுவேன்னு…"

"பிள்ளையார்கிட்டே சொன்னேளா?"

"ம். சொன்னேன்."

அழகுதான்! எட்டு வருஷம் ஒரே வீட்டில் குடித்தனம். அவர் மனசில் இருந்தது பிள்ளையாருக்குத் தெரியும். என் மனசில் இருந்ததும் பிள்ளையாருக்குத் தெரியும். தெரியாதவர்கள் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

நூற்றைம்பத்திரண்டு தேங்காய்! சேர்ந்தே உடைத்தோம். இருபதுக்கு மேல் எனக்குக் கை வலித்தது. என் பங்கில் பாதியை அவர்தான் எறிந்தார். தன்னைத் தடுப்பதற்காக வேண்டிக்கொண்ட தேங்காயைத் தானே உடைத்த மனுஷர்! தேங்காய்த் தண்ணீர் தெறித்து, என் ஆபீஸ் புடவையும் அவர் சட்டையும் நனைந்து போயின.

மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார். "சரி, இப்போ உனக்கு என்ன வேணும்? சொல்லு."

மூன்று மாசத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. பரவாயில்லை.

"உங்களோட இருக்கணும். வேலையும் போகப்படாது. லீவ் போட்டுண்டு வரேன். ஆனா அஞ்சு வருஷம்தான், கேட்டேளா? ஆறாவது வருஷம் நான் என் சீட்ல இருக்கணும்."

"அஞ்சுதான். சத்தியம்."

செல்லப்பன் அண்ணாச்சி காலி சாக்கை உதறிக்கொண்டே, "இனி வேற வேண்டுதல் ஏதும் உண்டாம்மா?" என்று கேட்டார்.

"வேண்டாம்!" என்று இருவரும் ஒரே குரலில் கத்தினோம்.

பிள்ளையாரைத் தொந்தரவு செய்யாமல், இவரே மஸ்கட் போய் மேலதிகாரியின் அறைக்கு நடையாய் நடந்தார். அஞ்சு மாசத்தில் எங்களுக்கும் விசா வந்தது. அதுவரை அம்முவின் ரப்பர் பத்திரமாக டப்பாவிலேயே இருந்தது. மஸ்கட்டில் நான் என்னென்ன கற்றுக்கொண்டேன் என்பது தனிக்கதை. வாய்விட்டுப் பேசக் கற்றுக்கொண்டேன் என்பது மட்டும் நிஜம். இவர் சில சமயம், நீ தேங்காயே உடைத்திருக்கலாம் என்பார்.

ஆறாவது வருஷம் ஆபீசுக்குத் திரும்பினேன். மேசை இருந்த இடத்தில் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருந்தது. எனக்காக ஒரு மெமோவும் காத்திருந்தது. டிராயர் சாவியை ஒப்படைக்காமல் வெளிநாடு போனது ஏன் என்று விளக்கம் கேட்டு! மறந்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். நீங்கள் நம்புகிறீர்களா?

சரி, அந்தப் பெண்ணிடம் வருவோம். பையன் செருப்பு எடுக்கப் போன நேரம் பார்த்து, மெதுவாகப் பக்கத்தில் போனேன்.

"எத்தனை தேங்காய்?" என்றேன்.

திடுக்கிட்டுப் பார்த்தாள். அக்கம்பக்கம் நோட்டம் விட்டாள். பிறகு என் காதருகே குனிந்தாள்.

"நூத்தியெட்டு, மாமி."

என்னைவிட ஏழு கூடுதல்! இந்தக் காலத்துப் பெண்களுக்குத் துணிச்சல் அதிகம்தான்.

"பிள்ளையார் குடுத்துடுவார், அதாக்கும் ஆபத்து" என்றேன். "முதல்ல உன் ஆத்துக்காரர்கிட்டே சொல்லு. அவர் தேங்காய் கேக்க மாட்டார்."