கடலோரம் தோண்டிய ஊற்று

முப்பத்தொரு வருஷம் கள்ளக்குறிச்சியில் புவியியல் பாடம் நடத்தினேன். வங்காள விரிகுடாவை நீல சாக்பீஸால் எத்தனையோ தடவை கரும்பலகையில் தீட்டியிருக்கிறேன். ஆனால் கடல் பக்கத்தில் சேர்ந்தாற்போல் நான்கு நாள் தங்கியது கிடையாது. ரிட்டயர் ஆனதும் கடலோரத்தில்தான் குடியிருப்பேன் என்று கல்யாணமான புதிதிலேயே என் கணவரிடம் சொல்லி வைத்திருந்தேன். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். எனக்குப் பிடிவாதம் ஜாஸ்தி என்பது என் மாணவிகளுக்கே தெரியும்.

அவர் சர்க்கரை ஆலையில் எடை மேடைக்காரர். கரும்பு வண்டி ஓட்டிய அத்தனை பேருக்கும் அவரைத் தெரியும். தியாகதுருகம் கடைத்தெருவில் ஒரு முழம் பூ வாங்கப் போனால் திரும்பி வர ஒரு மணி நேரம் ஆகும். அத்தனை பேர் நிறுத்திப் பேசுவார்கள். அந்த மனிதரைத்தான் ஒருவரையும் தெரியாத ஊருக்கு நான் கூட்டிக்கொண்டு போனேன்.

வீடு கடலூருக்கு வடக்கே, பெண்ணையாறு கடலில் கலக்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அதை வேண்டுமென்றேதான் தேடிப் பிடித்தேன். "நீங்க வருஷா வருஷம் திருவிழாவுக்குப் போற மணலூர்பேட்டை ஆத்துத் தண்ணிதாங்க இங்க வந்து சேருது" என்று சொல்லலாம் அல்லவா. சொன்னேன். அவர் முகத்துவாரத்தைப் பார்த்துவிட்டு, "வந்து சேரட்டும், பாவம்" என்றார்.

எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம். ஆனியில் குடிபோனோம். தை முடிவதற்குள் அவர் ஒரு முடிவு சொல்ல வேண்டும். பிடிக்கவில்லை என்றால் கள்ளக்குறிச்சிக்கே திரும்பிவிடுவது. பிடித்தால் அங்கே பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கு ஆள் வைத்துவிட்டுக் கடலோரத்திலேயே இருந்துவிடுவது. முடிவு அவருடையது என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு, உள்ளுக்குள் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

கடல் எனக்கு அலுக்கவே இல்லை. விடிந்ததும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஈர மணலில் நடப்பேன். வலையிலிருந்து மீனை உதறுகிறவர்களிடம் பெயர் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டேன். அவரும் வருவார். ஆனால் கடலுக்கு முதுகைக் காட்டி, சவுக்குத் தோப்பைப் பார்த்துக்கொண்டு உட்காருவார். கேட்டால் கண் கூசுகிறது என்பார்.

தண்ணீர்தான் பெரிய தொல்லை. அந்தப் பக்கம் குழாயில் வருவது லேசாக உப்புக் கரிக்கும். எனக்கு ஒரு வாரத்தில் பழகிவிட்டது. அவர் பாதி டம்ளர் டீயைக் குடித்துவிட்டு மீதியைச் செம்பருத்திக்கு ஊற்றுவார். குறை என்று வாய் திறந்து ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், மனசும் லேசாகியிருக்கும்.

அவர் முகம் தெளிவது விருந்தாளி வரும்போது மட்டும். மாதம் ஒரு தடவையாவது மணலூர்பேட்டையிலிருந்து அவருடைய சிநேகிதரும் அவர் மனைவியும் வருவார்கள். நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பம். எடை மேடை வரிசையில் காத்துக் கிடந்தபோது ஆரம்பித்த பழக்கம், இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்த அம்மாளுக்கு எங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீர்மேல் நம்பிக்கை இல்லை. ஒவ்வொரு தடவையும் தன் கிணற்றுத் தண்ணீரைப் பெரிய பிளாஸ்டிக் கேனில் பிடித்து, உள்ளே ஒரு பிடி வெட்டிவேரைப் போட்டு, மூன்று பஸ் மாறித் தூக்கி வருவார். "ரெண்டு நாளைக்கின்னாலும் வாய்க்கு ருசியா இருக்கணும் இல்லக்கா" என்பார். எனக்கு அது கொஞ்சம் சுருக்கென்று இருக்கும். என் வீட்டுத் தண்ணீருக்கு என்ன கேடு என்று நினைத்துக்கொள்வேன்.

ஐப்பசியில் நாங்கள் நால்வரும் கல்வராயன் மலைக்குப் போனோம். வேலையில் இருந்த காலத்தில் வருஷம் தவறாமல் போவதுதான். கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலை பஸ். கரியாலூரில் தெரிந்தவர் வீட்டில் இரண்டு நாள் தங்கினோம். மழை விட்டு அருவியில் தண்ணீர் கனமாக விழுந்தது. பாறையில் உட்கார்ந்து புளிச்சோறு தின்றோம். என் கணவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னால் ஏறினார். எதிரே வந்தவர்களிடமெல்லாம் ஊர் விசாரித்தார். ஓடைத் தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் குடித்தார். கடலோரத்தில் நாலு மாதமாக என்னோடு இருந்தவர் இவர் இல்லை என்று எனக்கு அப்போது தெரிந்தது. தெரிந்தும், திரும்பி வந்ததும் பேச்செடுக்கவில்லை. அவராகச் சொல்லட்டும் என்று இருந்துவிட்டேன். அது வசதியாக இருந்தது.

தை பிறந்தது. ஐந்தாம் நாள் மணலூர்பேட்டையில் ஆற்றுத் திருவிழா. சனம் முழுக்க ஆற்று மணலில் இருக்கும். எங்கள் பக்கத்தில் அன்றைக்கு ஒரு வழக்கம் உண்டு. குடும்பத்துக்கு ஒரு ஊற்று, கையாலேயே தோண்டுவார்கள். கலங்கல் தெளிந்ததும் முதல் கைத் தண்ணீரை மணலிலேயே விட்டுவிட்டு, இரண்டாவது கையை விருந்தாளிக்குக் கொடுப்பார்கள். அந்த வருஷம் சிநேகிதர் திருவிழாவை விட்டுவிட்டு எங்களிடம் வந்தார். "நீ இல்லாத ஆத்துல எனக்கு இன்னாடா வேலை" என்றாராம்.

நான்கு பேரும் முகத்துவாரத்து மணல்திட்டுக்குக் கட்டுச்சோறு கொண்டு போனோம். சாப்பிடுவதற்கு முன்னால் என் கணவர் மண்டியிட்டு மணலைத் தோண்ட ஆரம்பித்தார். கடலிலிருந்து இருபதடி தூரம் இருக்கும். ஆறாம் வகுப்புப் பெண்கூடச் சொல்லிவிடுவாள் அதில் என்ன தண்ணீர் வரும் என்று. நான் வாயைத் திறக்கவில்லை. கை மணலில் பட்டதும் அவருக்கு அது பெண்ணையாறுதான். கடல் நினைவே இல்லை. தண்ணீர் ஊறியது. தெளிய விட்டார். முதல் கையை விட்டுவிட்டு, இரண்டாவதைச் சிநேகிதரிடம் நீட்டினார்.

சிநேகிதர் மிச்சம் வைக்காமல் குடித்தார். முகம் மாறவில்லை. "நல்லாத்தான் கீது" என்றார்.

அவர் மனைவியும் ஊற்றில் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். பார்த்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. என் கணவர் தானும் ஒரு வாய் குடித்து, துப்பாமல் விழுங்கினார். பிறகு இரண்டு கையாலும் மணலைத் தள்ளிக் குழியை மூடினார். அந்தப் பக்கமாகக் கூடையோடு போன மீனவப் பெண் ஒருத்தி, "இங்க தோண்டினா உப்புதான் வரும். தோப்பு ஓரமாத் தோண்டிப் பாருங்க, சில எடத்துல நல்ல தண்ணி வரும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவர் கட்டுச்சோற்றைச் சரியாகத் தின்னவில்லை. முடிவு தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். எந்தச் சாமானை முதலில் கட்டுவது என்றுகூட யோசித்தேன்.

மறுநாள் காலை விருந்தாளிகள் குளித்துக்கொண்டிருந்தார்கள். நான் வாசலில் நின்றிருந்தேன். வீட்டுக்குப் பின்பக்கமிருந்து என் கணவர் சொம்போடு வந்தார். முழங்காலிலும் நகத்திலும் மணல்.

"தோப்பு ஓரம் தோண்டனேன் டீச்சர்" என்றார். கேலி செய்யவோ கொஞ்சவோ அவருக்கு நான் டீச்சர்தான். "குடிச்சிப் பாரு."

குடித்தேன். தித்திப்பான தண்ணீர். அதில் வெட்டிவேர் மணத்தது.

"இங்கயும் நல்ல தண்ணி கீது" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "அந்த வூட்டுக்கு ஆள வெச்சிடலாம். நாம இங்கயே இருந்துக்கலாம்."

எந்தச் சவுக்குத் தோப்பு ஊற்றில் வெட்டிவேர் மணக்கும்? சமையலறையில் அந்தக் கேன் பாதி இருந்தது. கேட்டிருக்கலாம். நான் சொம்பை முழுசாகக் குடித்து முடித்தேன். "நல்லாத்தான் இருக்கு" என்றேன். எனக்குக் கடல் வேண்டியிருந்தது. அதற்காக அந்தப் பொய்யை ஏற்றுக்கொண்டேன். சந்தோஷமாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது; எது அதிகம் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

அவர் குளிக்கப் போனதும் தோப்புக்குப் போய்ப் பார்த்தேன். குழி இருந்தது, இடுப்பளவு ஆழத்துக்கு. அறுபது வயது மனிதர் கையால் அவ்வளவு தோண்டியிருந்தார். அடியில் கொஞ்சம் தண்ணீர் நின்றது. விழுதுபோல் தொங்கிய வேரைப் பிடித்து இறங்கி, ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

மத்தியானம் பஸ் ஸ்டாண்டில் சிநேகிதர் மனைவி காலிக் கேனை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நான் கீழே நின்று சொன்னேன்: "அடுத்த தடவ வரும்போது ரெண்டு கேனாக் கொண்டாங்க. ஒண்ணு எங்களுக்கு. வெட்டிவேர் போட்டே கொண்டாங்க."

என் கணவர் பக்கத்தில்தான் நின்றார். வீட்டுக்குப் பாதி தூரம் நடந்த பிறகுதான் கேட்டார்.

"வெட்டிவேர் வாசனை அவ்ளோ தெரியுதா?"

"தெரியுது" என்றேன்.

அவர் தலையாட்டினார். கல்யாணமான புதிதில் ஆட்டியது போலவேதான் ஆட்டினார். ஒன்பது வருஷம் நாங்கள் அந்த வீட்டில் இருந்தோம்.