மார்லிஸ் ட்வெய்ட்டின் குட்டி ஸ்கோப்

மார்லிஸ் ட்வெய்ட்டுக்கு எழுபத்திரண்டு வயது. சீஸ் ஆலையில் உழைத்து ஓய்ந்து, ஒரு கணவனைப் புதைத்து, ஒரு தோள்பட்டையை மாற்றிக்கொண்டு, பற்களை மட்டும் இன்னும் சொந்தமாக வைத்திருப்பவள். விஸ்கான்சினின் வடக்கே நவம்பரில் மான் வேட்டை தொடங்கிவிட்டால், ட்வெய்ட் குடும்பத்துக் குடிலுக்குப் பின்னால் சதுப்பை ஒட்டியிருக்கும் பரண் அவளுடையது. கணவன் உயிரோடு இருந்த காலத்திலும் அவளுடையதுதான். அவன் பரணில் ஏறியதும் குறட்டை விடுவான். மான் ஒன்றும் செவிடு அல்ல.

குடிலின் அடுப்படிச் சுவரில் சட்டை வால்கள் ஆணியடித்துத் தொங்கும். மானைக் குறிவைத்துத் தவறவிட்டவரின் சட்டைப் பின்பக்கத்தைக் கத்தரித்து, பெயரும் வருடமும் எழுதி மாட்டுவது அங்கே வழக்கம். கடைசி இரண்டு வருடத் துணிகளிலும் மார்லிஸின் பெயர் இருந்தது.

"இந்த வருஷமும் மாட்டினா பரண் எனக்கு, அடுப்பு உனக்கு," என்றான் கணவனின் தம்பி கோர்டி. "உக்காந்து வெங்காயம் நறுக்கு மார்லிஸ். வெங்காயம் ஓடாது."

"உன் பொண்டாட்டி உன்னையே முப்பது வருஷமா நறுக்கிட்டிருக்கா. நீ எனக்கு வெங்காயம் சொல்ல வந்துட்டியா?"

இடுப்பு மூட்டு மாற்றியதால் சமையலுக்கு ஒதுக்கப்பட்ட டெல்பர்ட் அடுப்படியிலிருந்து ஆர்வமாக எட்டிப் பார்த்தான். அவனுக்கு விடுதலை வேண்டும். அவன் பீன்ஸ் சமைக்கும் நாளில் குடிலிலிருந்த எல்லோருக்குமே விடுதலை வேண்டும்.

மார்லிஸின் கை நடுங்கவில்லை. சிக்கல் துப்பாக்கியின் மேல் இருந்தது. தோள் அறுவைக்குப் பிறகு அவள் உதை குறைந்த சின்னத் துப்பாக்கிக்கு மாறியபோது, கோர்டி அதற்கு, தன் துப்பாக்கியில் இருப்பது போலவே, ஒரு ரெட் டாட் பரிசளித்திருந்தான். கண்ணாடிக்குள் ஒரு சிவப்புப் புள்ளி தெரியும், அதை மான் மேல் வைத்துச் சுட வேண்டும், அவ்வளவுதான். மார்லிஸுக்குத் தெரிந்ததோ காலில் மிதிபட்டு ஜாமாகிப்போன ராஸ்பெரிப் பழம். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. வேட்டைக் குடிலில் கண் சரியில்லை என்று வாயைத் திறந்தால், முதலில் துப்பாக்கியைப் பிடுங்குவார்கள், அப்புறம் கார் சாவியை.

அக்டோபர் கடைசியில் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, வேட்டைச் சாமான் விற்கும் ராக்சானின் கடைக்குப் போனாள்.

"புள்ளி எப்படித் தெரியுது?" என்றாள் ராக்சான்.

"எந்தப் புள்ளியைக் கேக்கறே?"

ராக்சான் சிரிக்கவில்லை. "துப்பாக்கியை அப்படியே பக்கவாட்டுல சாய்ங்க. அந்தக் கறையும் கூடவே சாயுதா?"

"இல்லை. அசையாம நிக்குது, என் மச்சினன் மாதிரி."

"அப்ப கோளாறு உங்க கண்ணுல. கருவிழி வளைவு கொஞ்சம் கோணல். கண் டாக்டர் சொல்லலையா?"

"சொன்னார். நான் பில்லைத்தான் பார்த்தேன்."

ராக்சான் துப்பாக்கிமேல் பொருத்தும் ஸ்கோப் இரண்டை எடுத்து வைத்தாள். ஒன்று நீளமானது, உருவத்தைப் பெரிதாக்கலாம், சிறிதாக்கலாம், மலிவும்கூட. மற்றது உள்ளங்கையில் அடங்கும் பிரிசம் ஸ்கோப். மூன்று மடங்கு மட்டுமே பெரிதாகக் காட்டும்.

"இதுல குறுக்குக்கோட்டைக் கண்ணாடியிலேயே செதுக்கியிருக்கு. ஒளிப்புள்ளி மாதிரி சிதறாது. ஆனா கண்ணைக் கிட்டக் கொண்டுபோகணும். உதைக்கிற துப்பாக்கின்னா புருவத்தைக் கிழிச்சிடும். உங்களுது உதைக்காது."

"அந்தப் பூட்டின அலமாரியில இருக்கிறது?"

"அந்தக் காசுக்குப் பனியில ஓட்ட ஒரு பழைய ஸ்னோமொபில் வாங்கலாம்."

"இருக்கட்டும். எனக்கு மானைப் பார்த்தாப் போதும், நிலாவைப் பார்க்க வேண்டாம்."

கடை விளக்கில் எல்லாக் கண்ணாடியும் அழகாகத்தான் தெரியும் என்பது மார்லிஸுக்குத் தெரியும். பொழுது சாயும்வரை அங்கேயே உட்கார்ந்து ராக்சானின் காபியைக் காலி செய்தாள். பிறகு துப்பாக்கியைக் கடையிலேயே விட்டுவிட்டு, இரண்டு ஸ்கோப்புகளையும் வாசலுக்கு எடுத்துப் போனாள். எதிர்ச் சாராயக்கடையின் பின்பக்கம், மரத்தடியில் ஒரு குப்பைத் தொட்டி. நீளமானதில் அது சாம்பல் நிற மூட்டமாகத் தெரிந்தது. குட்டி ஸ்கோப்பின் வளையத்தைத் திருகியதும் கோடு கூர்மையானது. தொட்டிமேல் உட்கார்ந்திருந்த ரக்கூன், யாரோ மிச்சம் வைத்த மீன் வறுவலைத் தின்பதுகூடத் தெரிந்தது.

"இதைத் துப்பாக்கியில பூட்டு," என்றாள்.

மணல் குழியில் அவள் குறி பார்த்துச் சரிசெய்தபோது கோர்டி வந்து நின்றான். "என்ன இது, ஜாம் பாட்டிலா?"

"ஜாமைக் கழட்டி எறிஞ்சாச்சு," என்றாள் அவள். அவனுக்குப் புரியவில்லை.

வேட்டையின் முதல் நாள் காலை, வெளிச்சம் இன்னும் பாலாய்க் கலங்கியிருக்கும்போதே சதுப்பின் அக்கரையில் கொம்புள்ள ஆண் மான் ஒன்று வந்து நின்றது. மார்லிஸ் கண்ணைக் கிட்டக் கொண்டுபோனாள். ஒரே மான், ஒரே கோடு. மூச்சை விட்டாள், சுட்டாள். அது நாலு எட்டுப் பாய்ந்து விழுந்தது. இறங்கிப்போய் வயிற்றைக் கீறிக் குடலைத் தள்ளினாள், ஈரலைப் பையில் போட்டாள். அப்போது மேட்டுப் பக்கம் கோர்டியின் துப்பாக்கி வெடித்தது. உடனே மறுபடியும். அதற்குப் பிறகு அவன் திட்டுவது சதுப்பு முழுக்கக் கேட்டது.

"கிளை ஒண்ணு குறுக்கே வந்துடுச்சு," என்றபடி குடிலுக்குள் நுழைந்தான்.

"கிளை தானா நடந்து வந்துச்சா?" என்றான் டெல்பர்ட்.

மார்லிஸ் கத்தரிக்கோலோடு கோர்டியின் பின்னால் போய் நின்றாள். அப்போதுதான் கவனித்தாள். வேட்டைக்கு எப்போதும் நல்ல கம்பளிச் சட்டை போட்டு மினுக்குகிறவன், இன்று அதன்மேல் பழைய துணி விற்கும் தர்மக் கடைச் சட்டை ஒன்றை மாட்டியிருந்தான். முழங்கை கிழிந்து, காலர் நைந்த சட்டை. போன வருடம் அவளும் அப்படி ஒன்றைத்தான் போட்டு வந்தாள். வெட்டு விழும் என்று தெரிந்தவர் மட்டுமே செய்கிற காரியம்.

அவன் காதருகே குனிந்தாள். "கோர்டி, உன் ரெட் டாட்ல உனக்கு எத்தனை புள்ளி தெரியுது?"

அவன் கழுத்து சிவந்தது. "மூணு. ஒண்ணுக்கு வால் வேற. டெல்பர்ட்கிட்ட சொல்லிடாதே."

"எப்பலேர்ந்து?"

"வாங்கினதுலேர்ந்து. ரெண்டு வாங்கினா ஒண்ணு பாதி விலைன்னான் கடைக்காரன். உனக்காவது நல்லாத் தெரியும்னு நெனச்சேன்."

"அதான் பரிசா!"

மார்லிஸ் மேல்சட்டையை மெதுவாகத் தூக்கிவிட்டு, உள்ளே இருந்த கம்பளிச் சட்டையின் வாலைச் சரக்கென்று வெட்டினாள். கோர்டி அலறினான்; அது அவன் மனைவி கிறிஸ்துமஸுக்குத் தந்தது.

"ராக்சான் கடைக்குப் போ. நான் அனுப்பினேன்னு சொல்லு," என்று கோர்டியிடம் சொல்லிவிட்டு, துணியை டெல்பர்ட்டிடம் எறிந்தாள். ஈரல் பையை மேசையில் வைத்தாள், பக்கத்தில் கத்தியும் பலகையும்.

"உக்காரு கோர்டி. வெங்காயம் ஓடாது."