மேளப் பெட்டிக்குக் கிடைத்த இடம்

என் அண்ணா ஸ்ரீஸ்கந்தராசா கடற்படை முகாம் ஒன்றின் நிழலில் பிறந்தவர். யாழ்ப்பாணத்துக் காரைநகர்த் தீவில் முகாமுக்குப் போகும் வீதியில் எங்கள் ஐயாவின் கடை இருந்தது. சவர்க்காரமும் சிகரெட்டும் சவர அலகும் அதிகம் வாங்கியவர்கள் கடற்படைக்காரர்தான். அவர்களுக்குச் சம்பளம் வந்தால் எங்கள் வீட்டில் மீன் பொரியும். பிறகு சண்டை வந்தது. முகாம் பெருத்தது. கடை முட்கம்பிக்கு உள்ளே போனது, நாங்கள் வெளியே போனோம். ஐயா யாரோ ஒருவரின் விறாந்தையில் செத்துப்போனார்.

அண்ணா முதலில் ரொறன்ரோவுக்கு வந்து, பிறகு அம்மாவையும் என்னையும் எடுப்பித்தார். மல்வேர்னில் ஒரு மாடிக் குடியிருப்பில் இருந்தோம். 1994இல் அவர் வேலை செய்த உணவகம் மூடப்பட்டது. அந்த நேரம் பார்த்து ஒரு ஒப்பந்தக் கம்பனி, கனடாவின் வடக்கு முனையில் இருக்கும் தீவொன்றுக்கு ஆள் தேடியது. மரமோ ஊரோ இல்லாத தீவு. அங்கே இருப்பது ஒரு இராணுவத் தளம் மட்டும். அதன் சமையலறையில் கோப்பை கழுவ வேண்டும். போகவும் வரவும் இராணுவ விமானத்தை விட்டால் வழியில்லை.

அம்மா உடுப்பு மடித்தபடியே கேட்டார்: "ஒரு நேவித் தீவில இருந்து உயிர் தப்பி வந்தனீ. இப்ப சம்பளத்துக்கு இன்னொரு தீவுக்குப் போறியோ?"

"அம்மா, அங்க நேவி இல்லை. ஆமி."

"அப்ப நல்ல முன்னேற்றம்தான்."

அண்ணா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. "எனக்கு ஒண்டெண்டா கொள்ளி வைக்க வந்திடுவாய்தானே?"

"ஓம் அம்மா. பிளேனிலதானே, ஓடி வந்திடுவன்."

அந்தத் தளத்தில் காசைக் கொண்டு செய்ய ஒன்றுமில்லை. தீவின் படம் போட்ட பனியனும் சொக்கலேற்றும் விற்கும் ஒரு கடை, ஒரு மதுச்சாலை, அவ்வளவுதான். அங்கே உண்மையான பணம் தொலைபேசி. வீட்டுக்குப் பேச இராணுவத்தினருக்கு ஆளுக்கொரு முறை உண்டு. கோப்பை கழுவுபவர்களுக்கும் தரை துடைப்பவர்களுக்கும் மிச்சமிருந்தால் உண்டு. அண்ணா கடைக்காரரின் மகன். தகரத்தில் அடைத்த ரின்மீனையும் நான் அனுப்பிய செத்தல் மிளகாயையும் உள்ளே வைத்துச் சுருட்டி ரோல்ஸ் சுட்டார். ரோல்ஸ் தின்றவன் தன் முறையை அண்ணாவுக்குக் கொடுக்க வேண்டும்.

"மேஜர் நாலு திண்டிட்டுத் தண்ணிக்கு ஓடினவர்" என்று அம்மாவிடம் சொல்லுவார். "அடுத்த கிழமையும் கேட்டிருக்கிறார்."

"உறைப்பைக் கூட்டிப் போடு. காரைநகரை நினைக்கட்டும்" என்பார் அம்மா.

அடுத்த வருடம் டிசம்பரில், கிறிஸ்மஸுக்குச் சில நாள் முன், அம்மாவின் இதயம் நின்றது. நான் கம்பனிக்கு அழைத்தேன். அலுவலகத்தில் கிளடிஸ் என்ற பெண் மிகவும் அன்பாகப் பேசினாள். விமானத்தில் முதலிடம் இராணுவத்தினருக்கு, பிறகு விருந்தினருக்கு, இடமிருந்தால் ஒப்பந்தக்காரருக்கு என்று விளக்கினாள். ஆனால் தீவிலிருந்து விமானம் நாளைக்கே புறப்படுகிறது, கவலைப்படாதே என்றாள்.

மறுநாள் அண்ணா அழைத்தார். குரல் சரியில்லை.

"ஏத்தேல்லை, பிள்ளை."

"ஏன்?"

"நத்தாருக்குப் பாட்டுக் கோஷ்டி ஒண்டு வந்தது. அவை திரும்பிப் போகினம். அவையின்ர மேளப் பெட்டியளைச் சீற்றில வைச்சுக் கட்டினவங்கள். அதை மடியில வைச்சுக்கொண்டு இருக்கிறன் எண்டு கேட்டன். சட்டத்தில இல்லையாம்."

"உங்கட மேஜர்?"

"நிண்டவர். என்ர ரோல்ஸ் திண்ட வாயாலயே சொறி எண்டு மன்னிப்புக் கேட்டவர்."

நான் தொலைபேசியைச் சுவரில் அடித்தேன். அது உடையவில்லை. ஒருவரும் எங்களைத் திட்டவில்லை, எல்லாரும் மரியாதையாகவே பேசினார்கள். ஒரு மேளம் உட்கார்ந்து பயணம் செய்தது. பெற்ற தாயை எரிக்க வேண்டியவன் ஓடுபாதையில் நின்று அதைப் பார்த்தான்.

அடுத்த விமானம் எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. வானிலை மோசம் என்றார்கள். அம்மாவின் தம்பி அன்புராசா மாமா, உடலை வைத்திருந்த மலர்ச்சாலையிலேயே முடிவு சொல்லிவிட்டார்.

"இனியும் வைச்சிருக்கேலாது. என்ர மகன் கீதன் கொள்ளி வைப்பான்."

"கீதன் அம்மாவைக் கடைசியா எப்ப பாத்தவன், மாமா?"

"உது முறை, பிள்ளை. பொம்பிளையள் சுடலைக்கே வாறேல்லை."

"இஞ்ச சுடலை எங்க இருக்கு? ஒரு சுவிச்தானே இருக்கு. வீட்டில நான்தானே எல்லாச் சுவிச்சும் போடுறனான்?"

பக்கத்தில் நின்ற கீதன், "அப்பா, let her do it" என்று மெல்லச் சொன்னான்.

தகனத்தன்று அண்ணா கீதனின் கைத்தொலைபேசிக்கு எடுத்தார். சமையலறையில் வேலை செய்த அத்தனை பேரும் தங்கள் முறையை அவருக்கு விட்டுக்கொடுத்திருந்தார்கள். அதற்கு ரோல்ஸ் கேட்கவில்லை. மேஜரின் முறை அதில் இருக்கவில்லை.

"சாம்பவி, நீ செய். அதுக்கு முதல் போனை அம்மாட காதில வை."

வைத்தேன். அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. திரும்ப எடுத்தபோது இணைப்பு அறுந்திருந்தது. நான் சுவிச்சை அழுத்தினேன்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் ஒரு பெட்டி. ஊழியர் குடும்பங்களுக்குக் கம்பனி அனுப்பிய நத்தார் பரிசு. உள்ளே உறைந்த வான்கோழி. சாவுத் துடக்கு வீட்டில், மச்சமாமிசம் காய்ச்சாத வீட்டில். 'உங்கள் தியாகத்துக்கு நன்றி' என்று ஒரு அட்டையும் இருந்தது.

அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். அது உருகி என் பாவாடை நனைந்தது. கிளடிஸின் மேசையில், அவளுடைய தாள்களுக்கு மேலேயே வைத்தேன்.

"என் அண்ணா ஏற வேண்டிய விமானத்தில் ஒரு மேளம் ஏறியது. இதை அதற்குக் கொடுங்கள்" என்றேன். அவள் மீண்டும் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினாள். முடிக்கும்வரை நான் நிற்கவில்லை.

அண்ணா ஜனவரியில் வந்தார். கம்பனியின் தடித்த மேலங்கியைக் கழற்றாமலே அம்மாவின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். புது ஒப்பந்தம் வந்தபோது கையெழுத்திடவில்லை. இப்போது ஒஷாவாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை.

விசேஷ வீடுகளில் யாராவது ரோல்ஸ் சுடச் சொல்லிக் கேட்டால், "எனக்கு உது தெரியாது" என்கிறார்.