அடுத்த வீட்டுக்குப் போன முதல் தட்டு

என் நாக்கின்மேல் எனக்குக் கொஞ்சநஞ்சமல்ல, நிறையவே தலைக்கனம் இருந்தது. மரக்காணம் உப்பளத்தில் பதிமூன்று வருஷம் கூடை சுமந்தவள் நான். கல்லுப்பு ஒன்றை நாக்கில் வைத்தால் போதும், வெயில் காய்ந்த உப்பா, மழை குடித்த உப்பா என்று சொல்லிவிடுவேன். தெருவில் கல்யாணம் என்றால் சாம்பாரை இறக்குவதற்கு முன்னால் என்னைத்தான் கூப்பிட்டுக் கரண்டியை நீட்டுவார்கள். அந்த நாக்கு என்னைக் கைவிட்ட வருஷத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். சொல்லாமல் இருந்து பார்த்துவிட்டேன், முடியவில்லை.

கொரோனா வந்த முதல் வருஷத்து டிசம்பர் அது. மழைக்காலத்தில் எப்போதுமே எங்களுக்கு வேலை கிடையாது, உப்புப் பாத்தியெல்லாம் தண்ணீர் நிற்கும். அந்த வருஷம் பாதி சீசனை ஊரடங்கு தின்றது, மீதியில் குவித்துவைத்த உப்பை நவம்பர் மாசப் புயல் தின்றது. வீட்டில் நான், வீட்டுக்காரர், ஏழாவது படிக்கிற மகள். மூன்று பேரும் ஒரே அறையில் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இருக்கிற ஒரே போனை ஆன்லைன் கிளாஸுக்கு என்று மகள் பிடுங்கிக்கொள்வாள். அவர் சும்மா இருக்கமாட்டாமல் தாழ்ப்பாளைக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பார். நான் இரண்டு பேரையும் திட்டிக்கொண்டிருப்பேன்.

சர்ச்சில் ஃபாதர் அறிவித்துவிட்டார். கேரல் ரவுண்ட்ஸ் கிடையாது. பூசைக்கு டோக்கன் இருந்தால்தான் வரலாம், சின்னப் பிள்ளைகள் வேண்டாம். மகள் அன்றைக்கு முழுக்க அழுதாள். மூன்று வருஷமாக இறக்கை ஒட்டிச் சம்மனசு வேஷம் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் பாடப் போகிறவள். "அழுவாதடி, பலகாரம் சுடக்கூடாதுன்னு எவனும் சொல்லலை இல்ல?" என்றேன். புயலில் கிழிந்த ஸ்டாருக்குப் பழைய கல்யாணப் பத்திரிகையை வெட்டி ஒட்டி வாசலில் மாட்டினோம். குடில் கட்டினோம். மற்ற ஊரில் குடிலுக்குப் பனியென்று பஞ்சைப் பரப்புவார்கள். எங்களுக்கு எதற்குப் பஞ்சு? பொடி உப்பைத் தூவினால் பனியைவிட வெள்ளையாக இருக்கும்.

எங்கள் மதிலை ஒட்டி பாய் வீடு. பாய் மளிகைக்கடை வைத்திருந்தார். அவர் சம்சாரத்தை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில் எனக்கு மீன் குழம்பு கூட்டிக் காட்டியது அந்த அக்காதான். ரம்ஜானுக்குக் கஞ்சி இந்தப் பக்கம் வரும், பக்ரீத்துக்குக் கறி வரும். கிறிஸ்துமஸுக்கு முதல் தட்டு முறுக்கு அந்தப் பக்கம் போகும். அது போய்ச் சேரும்வரை எங்கள் வீட்டில் ஒருத்தரும் பலகாரத்தை வாயில் வைக்கக்கூடாது. மாமியார் காலத்திலிருந்து அப்படித்தான். போன தட்டு எந்த வீட்டிலிருந்தும் காலியாகத் திரும்பாது. ஒன்றுமே இல்லையென்றால்கூட ஒரு சிட்டிகை சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்பார்கள்.

அந்த வருஷம் அக்காவின் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து வயிற்றில் தங்கிய பிள்ளை, எட்டாவது மாசம். மாப்பிள்ளை துபாயில் மாட்டிக்கொண்டு வரமுடியாமல் போனிலேயே வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா வாசலில் நைலான் கயிறு கட்டி, கயிற்றுக்கு வெளியே ஒரு ஸ்டூலைப் போட்டுவிட்டாள். யார் எதைக் கொடுத்தாலும் அதில் வைத்துவிட்டுப் போகவேண்டும்.

"எல்லாருக்கும்தாம்மா, கோச்சுக்காத. இவ வயித்துல இருக்கறது நல்லபடியா வரணும், அவ்ளோதான்" என்று அக்கா மதிலுக்கு மேலே தலையை நீட்டிச் சொன்னாள்.

"நான் ஏன்க்கா கோச்சுக்கப் போறேன்" என்றேன். ஆனால் கோபம்தான். பதினாலு வருஷமாக அடுப்படிவரைக்கும் போய் வருகிறவள், நான் ஸ்டூலில் வைத்துவிட்டுப் போகணுமா என்று உள்ளுக்குள் கருவிக்கொண்டே இருந்தேன்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் முறுக்கு சுட்டேன். காலையிலிருந்தே மண்டை கனமாக இருந்தது. மழையில் நனைந்ததுதான் என்று நினைத்தேன். உப்பைத் தண்ணீரில் கரைத்து நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் மாவில் ஊற்றுவேன், அது என் வழக்கம். பார்த்தேன். சப்பென்று இருந்தது. சரிதான், புயலில் கூரை ஒழுகி ஜாடிக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது, உப்பு மழையைக் குடித்துவிட்டது என்று முடிவு கட்டினேன். இன்னொரு கை போட்டேன். அப்போதும் சப்பென்றுதான் இருந்தது. சனியன் என்று திட்டி இன்னும் ஒரு கை போட்டேன். எண்ணெய் காய்ந்தும் வாசனையே வரவில்லை. பாக்கெட் எண்ணெயில் கலப்படம் பண்ணுகிறவன் நாசமாய்ப் போக என்றேன். மகளிடம் ஒன்றைக் கொடுத்து ருசி பார்க்கச் சொல்லியிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். முதல் தட்டு போகாமல் எப்படிக் கொடுப்பேன்? உப்பு, எண்ணெய், புயல், எல்லாவற்றின்மேலும் பழி போட்டேன். என் நாக்கின்மேல் மட்டும் சந்தேகமே வரவில்லை.

மறுநாள் காலையில் தட்டை எடுத்துக்கொண்டு போனேன். அக்கா குளித்துக்கொண்டிருந்தாள். அவள் மகள்தான் ஜன்னலில் நின்றாள். "ஆன்ட்டி, முறுக்கா? ஒரு வாரமா உங்க வூட்டு அடுப்பையே பார்த்துக்கிட்டு இருக்கேன்!"

ஸ்டூலில் வைத்துவிட்டு வந்திருக்கலாம். அந்த இரண்டடியை நான் வைக்காமல் இருந்திருக்கலாம். கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே போனேன். மாஸ்க் தாடைக்குக் கீழே கிடந்தது. ஒரு முறுக்கை உடைத்து என் கையாலேயே அவள் வாயில் ஊட்டினேன். அவள் என் கையை எடுத்து வயிற்றில் வைத்தாள். பிள்ளை உதைத்தது. நான் பெற்ற பிள்ளை உதைத்ததுபோல எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"ஆன்ட்டி, உப்பு கரிக்குது" என்றாள் சிரித்துக்கொண்டே. "பரவாயில்ல, எனக்கு இப்ப இதான் புடிக்குது."

கரிக்கிறதா? கையிலிருந்த மீதிப் பாதியை நான் மென்றேன். ஒன்றுமே தெரியவில்லை. அவளிடம் என்ன சொல்லிவிட்டு வந்தேன் என்று ஞாபகமில்லை. வீட்டுக்கு ஓடிவந்து ஜாடியிலிருந்து கை நிறைய உப்பை அள்ளி வாயில் போட்டேன். மணலை மெல்வதுபோல இருந்தது. பக்கத்து ஊர் அனுமந்தையிலிருந்து வாங்கிவைத்திருந்த நெத்திலிக் கருவாட்டுப் பானையைத் திறந்து மூக்கை உள்ளே விட்டேன். வெறும் காற்று. ருசியும் வாசனையும் போனால் அதுதான் என்று டிவியில் அத்தனை மாசம் சொன்னார்களே. தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார். "இன்னாடி சொல்ற? மழையில நனைஞ்ச, சளி புடிச்சிருக்குது. நாளைக்கு சரியாயிடும்."

"அந்தப் பொண்ணுக்கு ஊட்டி வேற விட்டேங்க. சொல்லிடலாங்க."

"சொல்லிட்டு? ரெண்டு தெரு தள்ளி கொரோனா வந்த வூட்டுக்கு இன்னா ஆச்சுன்னு பார்த்த இல்ல? பால்காரன்கூட போகலை. பாய் கடையையும் மூடுவாங்க. சர்ச்சையும் நம்மளாலதான் மூடினாங்கம்பாங்க. சும்மா இரு, நாளைக்குப் பார்க்கலாம்."

பழியை அவர்மேல் போடமாட்டேன். யாராவது அப்படிச் சொல்லமாட்டார்களா என்றுதான் நான் காத்திருந்தேன். அவர் சொன்னதும் சரியென்று தலையை ஆட்டிவிட்டேன். பூசை டோக்கனைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

கிறிஸ்துமஸ் விடிந்தது. எழுந்ததும் குடிலுக்கு முன்னால் முட்டி போட்டேன். ஈரக்காற்றில் உப்புப் பனியெல்லாம் கரைந்து வைக்கோலில் சொட்டிக்கொண்டிருந்தது. பாலன் இயேசுவின் காலடியிலிருந்து ஒரு சிட்டிகை உப்பை எடுத்தேன். ஆண்டவரே, இது எனக்குக் கரிக்கட்டும், வேறு ஒன்றும் கேட்கமாட்டேன் என்று நாக்கில் வைத்தேன். கரிக்கவில்லை. பத்து மணிக்கு எடுத்தேன், பன்னிரண்டு மணிக்கு எடுத்தேன். கடைசியில் மகள், "ஏம்மா குடிலையே தின்ற?" என்று கேட்டாள். அவளை ஓங்கி அடித்துவிட்டேன். பண்டிகை நாளில் பிள்ளையை அடித்தேன்.

மத்தியானம் மதிலுக்கு மேலே அக்காவின் குரல் வந்தது. "ஏம்மா, ஹேப்பி கிறிஸ்துமஸ்! நாளும் அதுவுமா ஆளையே காணோம்?"

கதவுக்குப் பின்னாலிருந்தே பதில் சொன்னேன். "தலைவலிக்கா."

"சுக்குக் காப்பி போட்டுத் தரட்டா?"

"வேணாங்க்கா."

"முறுக்கு பாதி காலி, ஆன்ட்டி!" என்று அக்கா மகள் உள்ளேயிருந்து கத்தினாள். அப்போதாவது வாயைத் திறந்திருக்கவேண்டும். நான் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றேன். பாவி, நின்றேன்.

அடுத்த நாள் காலையில் மதிலுக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்டது. பாயின் இருமல் இல்லை, அக்காவின் இருமலும் இல்லை. பதினாலு வருஷத்தில் அந்த வீட்டு இருமலெல்லாம் எனக்குத் தெரியும். தலைமுடியைக்கூட முடியாமல் வெளியே ஓடி, "அக்கா! அக்கா! எனக்கு ருசி போச்சுக்கா! அவளைக் கூட்டிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க!" என்று அலறினேன்.

அக்கா ஜன்னலுக்கு வந்தாள். "எப்பத்துலேர்ந்து?"

"முந்தாநாள் காலையிலேர்ந்து."

அவள் திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. ஜன்னலைச் சாத்தினாள். அந்த ஜன்னல் சாத்தி நான் பார்த்ததே இல்லை.

சுகாதாரத்துறை ஆட்கள் வந்தார்கள், மூக்கில் குச்சி விட்டார்கள், எங்கள் கதவில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். எனக்கும் அவருக்கும் பாசிட்டிவ். மகளுக்கு இல்லை. அந்தப் பெண்ணுக்கு இருந்தது. ஐந்தாம் நாள் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்து, புதுச்சேரிக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸ் வந்தது. துணைக்கு யாரும் ஏறக்கூடாது என்றுவிட்டார்கள். அக்கா ஆம்புலன்ஸ் கதவைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. "தலைப்பிரசவம்யா, நான் தாய்யா" என்று கெஞ்சினாள். பாய்தான் அவள் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தார். நான் ஸ்டிக்கர் ஒட்டிய கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். போய் அவளைத் தாங்கிப் பிடிக்கக்கூட வழியில்லை. பிடிக்கிற யோக்கியதையும் எனக்கு இல்லை.

வீட்டுக்காரர் தினமும் பாய்க்குப் போன் பண்ணுவார். "ஆக்சிஜன் வெச்சிருக்காங்க. துவா பண்ணுங்க." பாய் அவ்வளவுதான் சொல்லுவார், போனை வைத்துவிடுவார். நான் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆனால் உப்பளத்து வாய்க்காலில் விழுந்துவிடுவது என்று முடிவு பண்ணியிருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், விழுந்திருப்பேன்.

ஆபரேஷன் பண்ணிப் பிள்ளையை எடுத்தார்கள். பெண் குழந்தை. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள் என்றார் பாய். தாய்க்கு இன்னும் தெளியவில்லை என்றார். பொங்கல் வந்து போனது. ஒருநாள் கஞ்சியை வாயில் வைத்துவிட்டு, "இன்னாடி இவ்ளோ உப்பு போட்டிருக்க?" என்று மகளிடம் எரிந்து விழுந்தேன். திட்டி முடித்தபிறகுதான் என்ன சொன்னேன் என்று புரிந்தது. மகள் கைதட்டினாள். நான் கஞ்சியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனேன்.

பிப்ரவரி கடைசியில், பாத்தியில் தண்ணீர் வடிந்து நாங்கள் வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு, தாயும் பிள்ளையும் வந்து சேர்ந்தார்கள். இரண்டு உயிரும் பிழைத்தது. அன்று சாயங்காலம் அக்கா என் வாசலுக்கு வந்தாள். கையில் என் தட்டு. நான் காலில் விழப்போனேன். அவள் பின்னால் நகர்ந்தாள்.

"நோவு குடுத்ததுக்கு உன்ன ஒண்ணும் சொல்லமாட்டேம்மா. அது அல்லா கையில இருக்குது. ஆனா தெரிஞ்சப்புறம் ரெண்டு நாள் இந்தக் கதவுக்குப் பின்னாடி இருந்துட்டியே. சுக்குக் காப்பி வேணுமான்னு கேட்டேனே உன்ன."

தட்டைத் தரையில் வைத்துவிட்டுப் போனாள். காலித் தட்டு.

இன்னும் நாங்கள் அடுத்தடுத்த வீட்டில்தான் இருக்கிறோம். அந்தக் குழந்தை மதிலோரம் ஓடி விளையாடுவது கேட்கும். நான் இப்போது உப்புத் தண்ணீரை மகளிடம் கொடுத்து ருசி பார்க்கச் சொல்லித்தான் மாவில் ஊற்றுகிறேன். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் முதல் தட்டை மதில்மேல் வைத்துவிட்டு உள்ளே வந்துவிடுவேன். அக்கா எடுத்துக்கொள்வாள். எடுக்காமல் விட்டதில்லை. சாயங்காலம் தட்டு அதே இடத்தில் இருக்கும், கழுவித் துடைத்து. யாரும் பார்க்காதபோது தட்டின் நடுவில் விரலைத் தடவி நாக்கில் வைத்துப் பார்ப்பேன். சர்க்கரை இருக்காது.