சராசரி எழுபத்தெட்டு

காலை ஒன்பது பத்து. நாற்பத்தெட்டு பேருக்குப் பதினேழு கம்ப்யூட்டர். வாசலில் முதல் ஆளாக மங்கை. பெரம்பலூர்-அரியலூர் சாலையில் இருந்த எங்கள் பொறியியல் கல்லூரியில், இரண்டாம் ஆண்டின் ஆப்ஜெக்ட் ஓரியண்டட் புரோகிராமிங் லேப் அப்படித்தான் தொடங்கியது. புரோகிராமைக் கோடு போட்ட நோட்டில் எழுதியே விரல் வீங்கியவர்களே, உங்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. கோபம் ஆறாததால் சொல்கிறேன்.

மங்கை செந்துறையிலிருந்து வந்து அரியலூரில் பஸ் மாறுவாள். அரியலூரிலேயே ஏறும் எனக்கு, அந்த பஸ்ஸில் அவளுக்கு இடம் பிடித்து வைப்பது வேலை. ஒருமுறைகூட பாடம் தவறி அரியர் விழாதவர்களை மட்டும் எடுக்கும் கம்பெனி ஒன்று இறுதியாண்டில் வரும். அதில் வேலை வாங்கியே தீருவது என்று கல்லூரியில் சேர்ந்த அன்றே அவள் முடிவு செய்திருந்தாள்.

முதலில் விடை

ரெக்கார்டு நோட்டில் புரோகிராமையும் அதன் விடையையும் எழுதி முடித்தால்தான் கம்ப்யூட்டர் முன் உட்காரலாம். இது லேப் சட்டம். ஓட்டிப் பார்க்காமல் விடை எப்படித் தெரியும் என்று மங்கை கேட்டாள். லேப் சார் தலை நிமிராமல் சொன்னார்: "சீனியர் நோட்டு எதுக்கும்மா இருக்கு? அதப் பாத்து எழுது. வேற விடை வந்தா கம்ப்யூட்டர்லதான் கோளாறு."

கிணற்று மோட்டார்

என்கேப்சுலேஷன் என்றால் என்ன என்று அதே சார் வகுப்பில் கேட்டார். கைடில் இருந்த நான்கு வரியை வரிசையாக ஒப்பித்தோம். ஒருவருக்கும் புரிந்திருக்கவில்லை. மங்கை எழுந்தாள். "எங்க கொல்லையில மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் பெட்டி இருக்கு சார். உள்ள கம்பி எப்படி ஓடுதுன்னு எங்கப்பாவுக்குத் தெரியாது, தெரியவும் வேணாம். பச்சை பட்டன அமுக்குனா தண்ணி வரும், சிவப்ப அமுக்குனா நிக்கும். வெளிய அந்த ரெண்டுதான் குடுத்திருக்காங்க. அதான் சார்."

எனக்கு அந்த நிமிடம்தான் பாடம் புரிந்தது. சார் சொன்னார்: "பேப்பர் திருத்துறவரு உங்க கொல்லைக்குத் தண்ணி பாய்ச்சவா வராரு? கைடுல உள்ளதச் சொல்லு."

எழுபது, எண்பது, தொண்ணூறு

ஐந்தாவது புரோகிராம், மூன்று மதிப்பெண்ணைக் கொடுத்தால் சராசரி சொல்ல வேண்டும். சீனியர் நோட்டில் மதிப்பெண்கள் 70, 80, 90, சராசரி 78. எந்தக் காலத்திலோ ஒரு புண்ணியவான் ஓட்டாமல் எழுதியது, வருடா வருடம் சாரின் கையெழுத்தோடு இறங்கி வந்திருக்கிறது. மங்கை 80 என்று எழுதினாள். சார் சிவப்பு மையால் அடித்தார். அவள் ஓட்டிக் காட்டினாள். திரையில் 80. சார் திரையை அணைத்தார். "எழுதுனவனெல்லாம் முட்டாள், கையெழுத்துப் போட்ட நானும் முட்டாள், நீ ஒருத்திதான் மேதாவி. அப்படித்தான?"

மற்ற நாற்பத்தேழு பேரும் 78 என்று எழுதிக் கையெழுத்து வாங்கினோம். நானும்தான். திரும்பும்போது பஸ்ஸில் மங்கை என் நோட்டைப் புரட்டினாள். "ஏண்டி, உனக்குமா கூட்டி வகுக்கத் தெரியல?"

துறைத் தலைவர்

கையெழுத்தில்லாத ரெக்கார்டோடு செய்முறைத் தேர்வுக்கு விட மாட்டார்கள். தேர்வு எழுதாவிட்டால் அரியர். மங்கை துறைத் தலைவரிடம் போனாள், துணைக்கு நானும். அவர் செல்போனில் கூட்டினார், மூன்றால் வகுத்தார். சந்தேகத்துக்கு இன்னொரு முறையும் வகுத்தார். பிறகு கதவைப் பார்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினார்: "எண்பதுதாம்மா. ஆனா கையெழுத்து அவருல்ல போடணும்? எழுபத்தெட்டுன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயேன்."

அவள் எழுதிக் கொடுக்கவில்லை. தேர்வு நாளில் லேப் கதவுக்கு வெளியே நின்றாள். உள்ளே எனக்கு முழு மதிப்பெண் விழுந்தது. மறு ஆண்டு வேறொரு சார் கையெழுத்துப் போட, எண்பது என்றே எழுதிப் பாஸானாள். ஆனால் கம்பெனிக்கு ஒருமுறை விழுந்த அரியரும் அரியர்தான்.

கம்ப்யூட்டரை நம்பியவளுக்கு அரியர், நோட்டை நம்பிய நாற்பத்தேழு பேருக்குத் தேர்ச்சி என்பதுதான் அந்த லேபில் பிழையின்றி ஓடிய ஒரே புரோகிராம்.

இறுதியாண்டு ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதி கம்பெனி வந்தது. எனக்கு வேலை கிடைத்தது, பட்டியலில் மங்கையின் பெயர் இல்லை.